தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே வாசிக்க விடுங்கள்

2007-இல் வந்த 'மொழி' படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ராதாமோகன் இயக்கிய படம். ஜோதிகா அதில் காது கேளாத, வாய் பேசாத பெண்ணாக நடித்தார். பிருத்விராஜ் இசைக்கலைஞராக வருவார். சொர்ணமால்யா நடித்த ஷீலா என்ற தோழி பாத்திரம் ஞாபகம் இருக்கா? ஜோதிகா கையால் பேசுவதையெல்லாம் ஷீலா வாயால் எடுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். கதைப்படி அது பக்கத்தில் நிற்கும் பாத்திரங்களுக்காக. உண்மையில் அது நமக்காக. சைகை மொழி தெரியாத நாம் அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் விழிக்கக்கூடாது என்பதற்காக இயக்குநர் செய்துவைத்த ஏற்பாடு.

இப்போ இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஜோதிகாவின் பாத்திரம் மாதிரியே ஒரு பெண் டிக்கெட் வாங்கி அந்தப் படத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். பிருத்விராஜ் என்ன பேசுகிறார், பிரகாஷ்ராஜ் எதற்கு வாய் ஓயாமல் பேசுகிறார், பக்கத்து சீட்டுக்காரர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது? அவள் மொழியை நமக்குப் பெயர்த்துத் தர ஒரு பாத்திரத்தையே உருவாக்கினோம். நம் மொழியை அவளுக்குத் தர, திரையின் அடியில் இரண்டு வரி எழுத்து போடவில்லை.

படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நல்ல படம்தான். 1977-இல் கமல்ஹாசனும் சுஜாதாவும் காது கேளாத தம்பதியாக நடித்த 'உயர்ந்தவர்கள்' (இந்தியில் குல்சார் எடுத்த 'கோஷிஷ்' படத்தின் தமிழ் வடிவம்) படத்துக்கும் இதே கதைதான். காது கேளாதவர்களைப் பற்றிப் படம் எடுக்க நமக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை. அவர்களும் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்காரக்கூடியவர்கள் என்ற நினைப்புதான் இன்னும் வரவில்லை.

பேசும் படம் வந்தபோது வெளியே போனவர்கள்

சினிமா தொடக்கத்தில் இப்படி இல்லை. மௌனப் பட காலத்தில் காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். கதை நடிப்பில் ஓடும். நடுநடுவே எழுத்து அட்டை வரும். வாசித்துவிட்டு மேலே பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. இந்தியாவில் 1931-இல் 'ஆலம் ஆரா', அதே வருஷம் தமிழில் 'காளிதாஸ்'. சினிமா பேச ஆரம்பித்ததும் எழுத்து அட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எல்லோருக்கும் ஒரு புது வசதி வந்தது என்றுதான் சினிமா வரலாறுகள் எழுதும். ஒரு கூட்டத்துக்கு அன்றைக்கு வாசல் மூடியது என்பது அந்த வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

மூடிய வாசலைத் திறக்க முதலில் முயன்றவர்களில் ஒருவர் எமர்சன் ரொமேரோ. கியூபாவில் பிறந்த, காது கேளாத நடிகர். மௌனப் படங்களில் நடித்தவர். 1947-இல் அவர் பேசும் படச் சுருள்களை வாங்கி, காட்சிகளுக்கு நடுவே வெட்டி, பழையபடி எழுத்து அட்டைகளை ஒட்டிக் காது கேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்கு அனுப்பினார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் ஒட்டுவேலைதான். ஆனால் விஷயம் வளர்ந்தது. 1958-இல் அமெரிக்க நாடாளுமன்றம் காது கேளாதோருக்காக எழுத்துடன் கூடிய படங்களை அரசே தயாரித்து வழங்க ஒரு சட்டம் இயற்றியது. அதாவது இது ஒன்றும் நேற்றைக்கு முளைத்த கோரிக்கை இல்லை.

"அதான் சப்டைட்டில் போடுறாங்களே?"

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வருகிற முதல் கேள்வி இது. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் தமிழ்ப் படங்கள் ஆங்கில சப்டைட்டிலோடு ஓடுகின்றன, உண்மைதான். ஆனால் அது யாருக்காகப் போட்டது? தமிழ் தெரியாத, காது நன்றாகக் கேட்கிற ஒருவருக்காக. வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்தவர், அவரோடு வந்த நண்பர்கள். அவர்களுக்குப் போடுவது நியாயம்தான். ஆனால் அதே எழுத்து காது கேளாத தமிழருக்கும் போதும் என்று நினைப்பதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது மொழி. தமிழ்வழியில் படித்த, காது கேளாத ஒருவர் தமிழ்ப் படத்தைப் பார்க்க ஆங்கிலம் கற்றுக்கொண்டு வரவேண்டும் என்று நாம் நிபந்தனை போடுகிறோம். சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பு சப்டைட்டில் பேச்சை மட்டும்தான் எழுதும். காது கேளாதவருக்கு எழுதுகிற கேப்ஷன் சத்தத்தையும் எழுதும். ஒரு பேய்ப்படம்னு வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி சமையலறையில் நிற்கிறாள். பின்னால் இருட்டில் ஏதோ நகரும் சத்தம். அவள் சட்டென்று திரும்புகிறாள். நமக்கு முதுகு சில்லிடும். சத்தம் எழுத்தில் வராவிட்டால், ஒரு பெண் காரணமே இல்லாமல் திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். திரைக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தால் அது யாருடைய குரல் என்றும் சொல்லவேண்டும். போன் அடித்தது, வெளியே கார் வந்து நின்றது, பக்கத்து அறையில் குழந்தை அழுகிறது, எல்லாமே கதைதான்.

மூன்றாவது பாட்டு. நம் படங்களில் காதல் சொல்வதும், காதல் முறிவதும், பத்து வருஷம் ஓடிப்போவதும் பாட்டில்தான் நடக்கும். ஆங்கில சப்டைட்டில் பல படங்களில் பாட்டு வந்ததும் ஓய்வெடுக்கப் போய்விடும். நாலைந்து நிமிஷம் காது கேளாத ஒருவர் நடனத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்க மாட்டாங்களா?" என்று சிலர் கேட்பார்கள். நேரில் தெரிந்த ஒருவரோடு பேசும்போதே உதட்டசைவைப் படிப்பது பாதிக்கு மேல் ஊகம்தான். தமிழ் சினிமாவில் அதற்கும் வழியில்லை. நடிகர் முதுகைக் காட்டிப் பேசுவார், கேமரா வேறு முகத்தில் இருக்கும். தமிழ் தெரியாத நடிகை படப்பிடிப்பில் எதையோ முணுமுணுத்திருப்பார். பிறகு வேறொருவர் வந்து டப்பிங் கொடுத்திருப்பார். அந்த உதட்டில் படிக்க என்ன இருக்கிறது?

பணமா, தொழில்நுட்பமா?

இதுவும் அடிக்கடி சொல்லப்படுகிற காரணம். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

இப்போது தியேட்டருக்குப் படம் சுருளாக வருவதில்லை. டிசிபி என்கிற டிஜிட்டல் தொகுப்பாக வருகிறது. அதற்குள் படம் ஒரு கோப்பு, ஒலி ஒரு கோப்பு, எழுத்து ஒரு கோப்பு. எதை எதோடு சேர்த்து ஓட்டவேண்டும் என்று சொல்ல ஒரு பட்டியல் கோப்பு. மூன்று மணிக் காட்சி சப்டைட்டில் இல்லாமலும், ஆறு மணிக் காட்சி ஆங்கில சப்டைட்டிலோடும் ஓடுகிறது என்றால், புரொஜெக்டர் அறையில் நடந்தது வேறு பட்டியலைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான். மொத்தப் படத்தையும் திரும்ப அனுப்பவேண்டியதில்லை. எழுத்துக்கான சிறு இணைப்பை அனுப்பினால் போதும். எழுத்துக் கோப்போடு தமிழ் எழுத்துருவையும் சேர்த்து அனுப்பலாம்.

வசனம் எழுத்தில் ஏற்கெனவே இருக்கும். டப்பிங் அறையில் அதை வைத்துக்கொண்டுதானே பேசினார்கள். ஆங்கிலத்துக்குச் செய்யத் தெரிந்தது தமிழுக்குத் தெரியாமல் போகாது. கோடிகளில் செலவழித்து எடுக்கிற படத்தில் இந்த வேலைக்கு ஆகும் செலவு கணக்கிலேயே வராது. ஆகவே இது யாரும் கேட்காததால், யாருக்கும் தோன்றாததால் நின்றுபோன வேலை.

சட்டம் என்ன சொல்கிறது

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. அதன் 42-ஆவது பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் எல்லாம் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. ஒலி விவரிப்பு, சைகை மொழிபெயர்ப்பு, கேப்ஷன் மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சட்டம் புத்தகத்தில் இருந்தது, தியேட்டருக்கு வரவில்லை. 2023 ஜனவரியில் 'பதான்' படம் வெளிவரும் நேரத்தில், பார்வைக் குறைபாடும் செவித்திறன் குறைபாடும் உள்ள சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தியேட்டர் வெளியீட்டுக்கு நாள் நெருங்கிவிட்டதால், ஓடிடியில் வரும்போதாவது ஒலி விவரிப்பும் கேப்ஷனும் இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகத்தான் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் தியேட்டர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

நல்ல ஆரம்பம். ஆனால் அதை வரிசையாகப் படித்தால் இரண்டு இடங்களில் எனக்குத் தடுக்கிறது.

ஒன்று, முதலில் யாருக்குக் கட்டாயம் என்பது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தணிக்கைச் சான்று வாங்கும் படங்களுக்கு முதல் ஆறு மாதக் கெடு. தேசிய விருதுக்கும் கோவா சர்வதேசத் திரைப்பட விழாவுக்கும் போகும் படங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். முதல் வரிசையில் நிற்பது யார் என்று பாருங்கள்: நாலைந்து மொழியில் வெளியாகும் பெரிய நட்சத்திரப் படங்களும் விருதுப் படங்களும். நம் ஊர்க் கதையைத் தமிழில் மட்டும் சொல்கிற நடுத்தரப் படங்கள் வரிசையில் பின்னால் நிற்கின்றன. ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை தியேட்டருக்குப் போகிறவர் அதிகம் பார்ப்பது இவற்றைத்தானே.

இரண்டு, எப்படித் தருவது என்பது. திரையிலேயே எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுத்துப் போடலாம். அல்லது கேட்பவருக்கு மட்டும் ஒரு கண்ணாடியோ, இருக்கையில் பொருத்தும் சிறு திரையோ, செயலியோ தரலாம். எது என்பதைத் தியேட்டர்காரர் முடிவு செய்யலாம். இந்தச் சுதந்திரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்கா ஒரு பாடம்.

கருவி கொடுத்த ஊரில் நடந்தது

அமெரிக்க நீதித்துறை 2016-இல் கொண்டுவந்த விதிப்படி, டிஜிட்டல் தியேட்டர்கள் 2018 ஜூனுக்குள் கேப்ஷன் கருவிகள் வைத்திருக்கவேண்டும். ஒரே திரை என்றால் 4 கருவி, 16 திரைக்கு மேல் போனாலும் 12 கருவி என்று எண்ணிக்கைகூட விதியில் இருக்கிறது. ஆனால் திரையில் எழுத்துப் போடவேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை.

கருவி என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. கோப்பை வைக்கும் குழியில் செருகி, வளையும் கம்பியின் நுனியில் சின்னத் திரை இருக்கும் ஒன்று. முகத்தில் மாட்டும் கனமான கண்ணாடி இன்னொன்று. முதல் வகையில் கண் அருகே இருக்கும் சின்னத் திரைக்கும் தூரத்துப் பெரிய திரைக்கும் மாறிமாறி ஓடவேண்டும். வாசித்தால் படம் போச்சு, படம் பார்த்தால் வரி போச்சு. ஏற்கெனவே கண்ணாடி போட்டவர் அதன்மேல் இன்னொரு கண்ணாடி மாட்டி இரண்டரை மணி நேரம் உட்காரவேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கும், வேறு திரையின் வசனம் ஓடும், கவுண்டரில் இருப்பவருக்குக் கருவி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. காது கேளாதோர் அமைப்புகள் அங்கே பல வருஷமாகச் சொல்லிவரும் புகார்கள் இவை. சிக்கல் வந்தால் எழுந்துபோய் ஊழியரிடம் சொல்லவேண்டும். காது கேளாத ஒருவர் இருட்டிலிருந்து எழுந்துபோய், சைகை தெரியாத ஒருவருக்கு இதை விளக்குவதற்குள் இடைவேளை வந்துவிடும்.

அதனால்தான் அங்கே சில ஊர்கள் விதியைத் தாண்டிப் போயின. ஹவாய் மாநிலம் 2016 முதல் ஒவ்வொரு படத்துக்கும் வாரத்தில் இரண்டு காட்சியாவது திரையிலேயே எழுத்தோடு இருக்கவேண்டும் என்றது. நியூயார்க் நகரம் 2022-இல் 100 இருக்கைக்கு மேல் உள்ள தியேட்டர்களுக்கு அதே மாதிரி விதி கொண்டுவந்தது. அந்தக் காட்சிகளில் ஒரு பகுதியாவது மக்கள் வரக்கூடிய மாலையிலும் வார இறுதியிலும் இருக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை காலைக் காட்சியை ஒதுக்கிவிட்டு, "பாருங்க, யாருமே வரல" என்று சொல்லிவிடலாம்.

'கோடா' படம் 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. காது கேளாத குடும்பத்தைப் பற்றிய அந்தப் படம் தியேட்டர்களில் எழுத்தோடுதான் ஓடியது. யாருக்கும் கண் வலித்ததாகத் தெரியவில்லை.

இடைஞ்சலா?

"எழுத்து ஓடினா மத்தவங்க கவனம் சிதறும்" என்பது தியேட்டர் தரப்பில் வருகிற முக்கியமான ஆட்சேபம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எழுத்து ஓடினால் கண் தானாகவே அங்கே போகும். நகைச்சுவைக் காட்சியில் பேச்சுக்கு முன்னாலேயே எழுத்து வந்துவிட்டால் சிரிப்பு பாழாகும்.

ஆனால் ஆங்கில எழுத்து ஓடும்போது இந்த ஆட்சேபம் எங்கே போனது? கொரியத் தொடர்களை இரவெல்லாம் வாசித்து வாசித்துப் பார்க்கிற தலைமுறை இது. தவிர, நான் கேட்பது எல்லாக் காட்சிக்கும் இல்லை. எழுத்துள்ள காட்சி, எழுத்தில்லாத காட்சி என்று டிக்கெட் வாங்கும்போதே தெரிந்தால், பிடிக்காதவர் வேறு காட்சிக்குப் போகலாம். காது கேளாதவருக்கு இன்றைக்கு அந்த 'வேறு காட்சி' என்பதே கிடையாது.

பயன்பெறப் போகிறவர்கள் அவர்கள் மட்டுமில்லை. 2011 கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் இந்தியா முழுக்க சுமார் 50 லட்சம். வயதாகி மெல்ல மெல்லக் காது மந்தமாகி, அதை வெளியில் சொல்லாமல் 'எனக்கு இப்பல்லாம் படம் பிடிக்கிறதில்லை' என்று வீட்டிலேயே இருந்துவிடும் பெரியவர்களில் பலர் அந்தக் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். வாசிக்கத் தடுமாறுகிறவர்களும் இருக்கிறார்கள். பேசும் மொழியிலேயே எழுத்து ஓடினால் வாசிப்பு வளரும் என்பதை வைத்து பிரிஜ் கோத்தாரி 1996 முதல் உழைத்துவருகிறார். தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' பாட்டுகளுக்கு அப்படி எழுத்து ஓடியது.

எந்தத் தமிழில் எழுதுவது?

இதுவரை 'போடவேண்டும்' என்பதைப் பற்றிப் பேசினேன். எப்படிப் போடுவது என்பதில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் இருக்கிறது.

நடிகர் "எங்கடா போயிட்டு வர்ற?" என்கிறார். கேப்ஷனில் அப்படியே எழுதுவதா, "எங்கே போய்விட்டு வருகிறாய்?" என்று எழுதுவதா? காது கேட்கும் நாம் "போயிட்டு" என்று பார்த்ததும் மனசுக்குள் உச்சரித்துப் புரிந்துகொள்வோம். பிறவியிலேயே காது கேளாதவர் தமிழைப் பாடப்புத்தகத்திலிருந்து கண்ணால் கற்றவர். "வர்ற", "ஒக்காரு", "இன்னாபா" எல்லாம் அவருக்குப் புதுச் சொற்கள் மாதிரி தெரியலாம். அதற்காக எல்லாவற்றையும் எழுத்துத் தமிழாக்கினால், மதுரைக்காரனும் வடசென்னைக்காரனும் கோவைக்காரரும் ஒரே தமிழாசிரியர் மாதிரி பேசுவார்கள். வட்டார வழக்கிலேயே பாத்திரத்தை வார்க்கிற சினிமாவில் அது பெரிய இழப்பு. தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு. இரண்டு வரிக்குள், வாசிக்க நேரம் கொடுத்து அடக்குவதும் தனிக் கலை.

சத்தத்தை எழுதுவதிலும் இதே கதை. [இசை] என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டால் அது கடமைக்குச் செய்தது. [தூரத்தில் நாதஸ்வரம்] என்றால் கல்யாண வீடு வந்துவிடும். [பறை ஒலி நெருங்குகிறது] என்றால் இன்னொரு உலகம்.

என் கருத்து, பேச்சுவழக்கை வைத்துக்கொள்ளவேண்டும். கதைப் புத்தகங்களில் ஏற்கெனவே பழகிப்போன எழுத்துக்கூட்டலை மாற்றாமல் பயன்படுத்தவேண்டும். ஆனால் இதை முடிவு செய்யவேண்டியது நானோ தயாரிப்பாளரோ இல்லை. படம் வெளியாகும் முன் காது கேளாதவர்கள் பத்துப் பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, எங்கே தடுக்கிறது என்று கேட்கவேண்டும். அதற்கான சம்பளமும் கொடுக்கவேண்டும்.

ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேண்டும். கேப்ஷன் எல்லாக் காது கேளாதவர்களுக்கும் தீர்வாகாது. பலருக்கு இந்தியச் சைகை மொழிதான் தாய்மொழி மாதிரி. பள்ளி அவர்களுக்கு வாசிப்பைச் சரியாகத் தரவில்லை. அது பெரிய விஷயம், தனியாக எழுதவேண்டியது. ஆனால் வாசிக்கத் தெரிந்தவருக்கும் எழுத்தைத் தராமல் இருக்க அது காரணமாகாது.

கேட்கவேண்டியது

என் பட்டியல் சின்னது. ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தமிழில் கேப்ஷன், பாட்டும் சத்தமும் சேர்த்து. தனிக் கருவியில் இல்லாமல், திரையிலேயே. வாரத்தில் சில காட்சிகளாவது. அதில் முதல் வார இறுதியின் மாலைக் காட்சி ஒன்று கட்டாயம், ஏனென்றால் எல்லோரும் படத்தைப் பற்றிப் பேசுவது அந்த வாரம்தான். டிக்கெட் செயலியில் 2டி, ஐமேக்ஸ் என்று போடும் இடத்திலேயே 'தமிழ் எழுத்துடன்' என்று ஒரு குறி.

தயாரிப்பாளரோ, தியேட்டரில் வேலை பார்க்கிறவரோ, படம் இயக்குகிறவரோ யாராவது இதைப் படித்தால், அடுத்த படத்தின் ஆங்கில சப்டைட்டிலுக்கு ஆள் சொல்லும்போதே தமிழுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் பார்வையாளராக இருப்பவர்கள் அடுத்த முறை டிக்கெட் கவுண்டரில், "தமிழ் எழுத்தோட எந்த ஷோ?" என்று கேட்டுவையுங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் காதுக்குப் போகும்.